கூட்ரோட்டு வெளிச்சம்

எனக்குக் கல்யாணம் பேசியபோது என் கணவர் ஓசூர்ப் பக்கம் ஒரு பூக் கம்பெனியில் விளக்குப் பிரிவில் இருந்தார். அது என்ன வேலை என்று என் அப்பாவுக்கு விளங்கவில்லை.

“பூவுக்கு எதுக்குங்க மாப்பிள்ள லைட்டு?” என்று கேட்டார்.

“தூங்க விடாம பண்றதுக்குங்க மாமா” என்றார் இவர்.

எல்லோரும் சிரித்தோம். புது மாப்பிள்ளை விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம். அவர் உள்ளதைத்தான் சொன்னார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

சாமந்தி, இரவு நீளமாக இருந்தால்தான் மொட்டு வைக்கும். நம் பக்கத்தில் வருஷம் முழுக்க இரவு அதற்குப் போதுமான நீளம். அதனால் நட்ட கொஞ்ச நாளிலேயே, முழங்கால் உயரம்கூட வளராமல், அவசர அவசரமாகப் பூத்துவிடும். மாலை கட்டுவதற்கு அது போதும். பெங்களூரில் மேடை அலங்காரத்துக்கும் ஜாடியில் வைப்பதற்கும் போகிற பூவுக்குத் தண்டு நீளமாக வேண்டும். அதற்காக நடுராத்திரியில் கொஞ்ச நேரம் விளக்கை எரியவிட்டு இரவை இரண்டாக முறித்துவிடுவார்கள். இருட்டு இன்னும் நீளவில்லை என்று செடி ஏமாந்துபோய், பூப்பதை மறந்து உயர்ந்துகொண்டே போகும். வேண்டிய உயரம் வந்ததும் விளக்கை நிறுத்திவிட்டால், அதன்பிறகு வருகிற ஒவ்வொரு ராத்திரியும் முழு இருட்டு. செடி மொட்டு வைக்கும். எந்தப் பண்டிகைக்குப் பூ வேண்டுமோ அதற்குத் தகுந்தாற்போல விளக்கை நிறுத்த வேண்டியதுதான்.

முன்பெல்லாம் குண்டு பல்பு போட்டார்களாம். இவர் காலத்தில் சிவப்பு எல்.இ.டி. வந்துவிட்டது. சாமந்தியை ஏமாற்றச் சிவப்பு வெளிச்சம் போதும் என்பார்.

மாமனார் தவறியதும் நிலம் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பிரிந்தது. மாரண்டஹள்ளி ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரிகிற கூட்ரோட்டை ஒட்டி இவருடைய பங்கு. உள்ளே தள்ளி, கிணற்றோரமாக, கொழுந்தனாருடைய பங்கு. ரோட்டோரம் கிடைத்ததை அதிர்ஷ்டம் என்று சொல்லாதவர்கள் இல்லை. வண்டி நேரே வந்து நிற்கும், பூப்பெட்டியைத் தலையில் சுமக்க வேண்டாம் என்றார்கள். இவரும் அப்படித்தான் நினைத்தார். கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து, மானியத்தில் ஒரு பசுமைக்குடில் போட்டார். இரும்புக் குழாய்க் கூடு, மேலே பால்நிற ஷீட்டு, பக்கவாட்டில் வலை. உள்ளே நுழைந்தால் மழைக்காலத்து மதியம் மாதிரி ஒரு மங்கல் வெளிச்சம்.

ஒயரிங் முழுக்கக் கொழுந்தனார் செய்தது. அவர் எலக்ட்ரீசியன். பாலக்கோடு வரைக்கும் வீடுகளுக்கு ஒயரிங் பண்ணப் போவார். வரிசைக்கு மேலே வரிசையாகப் பல்பைக் கட்டி, தானாகவே எரிந்து தானாகவே அணைகிற மாதிரி டைமர் மாட்டிக் கொடுத்தார். “அண்ணி, இனிமே நீங்க நிம்மதியா தூங்கலாம். பூவுதான் பாவம்” என்றார். முதல்முறை எரிய விட்டபோது குடில் முழுக்கச் சிவந்துபோய், தீப்பிடித்த மாதிரி இருந்தது. அந்த வழியாகப் போன யாரோ பைக்கை நிறுத்திவிட்டு, “இங்க புதுசா கடை தொறந்திருக்காங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அதைச் சொல்லிச் சொல்லி என் ஓரகத்தி ஒரு வாரம் சிரித்தாள்.

ஓரகத்தி என்றால் கொழுந்தனாரின் மனைவி. எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்தவள், அம்மா வீட்டில் கன்னடம் பேசுவார்கள். என்னைவிட வயதில் சின்னவள். என்னை அக்கா என்பாள். குடிலில் என்னோடு வேலை செய்தாள். கொத்துச் சாமந்தியில் நடு மொட்டு முதலில் பெரிதாகிவிடும். அதைக் கிள்ளி எடுத்தால்தான் சுற்றி இருக்கிற மொட்டுகள் ஒன்றுபோல விரியும். அவள் விரல் அதில் கோழி கொத்துகிற வேகத்தில் போகும். நான் ஒரு பாத்தி முடிப்பதற்குள் அவள் முடித்துவிட்டு எனக்கு எதிர்ப்பக்கமாக வந்து சேருவாள். விளக்கை நிறுத்துகிற நாளில் வரிசை நடுவே நின்றுகொண்டு, “சாக்கு, மலகு” என்று செடிகளிடம் சொல்வாள். போதும், தூங்கு என்று அர்த்தம். தன் மகளைத் தூங்க வைக்கும்போதும் அதைத்தான் சொல்வாள் என்று எனக்குத் தெரியும்.

சில வருஷம் நன்றாகவே போனது. கிறிஸ்துமஸுக்கு ஒரு முறை, கல்லறைத் திருநாளுக்கு ஒரு முறை என்று இவர் கணக்குப் பார்த்து விளக்கை நிறுத்துவார். பூவும் சொல்லி வைத்த மாதிரி அந்த வாரத்தில் வந்து நிற்கும். வெள்ளைச் சாமந்தி வெட்டிக் கட்டிவைத்த நாளில் குடிலே சலவைக்குப் போய்வந்த மாதிரி இருக்கும். ஒரு தடவை பூ வெட்டி முடித்த கையோடு நாங்கள் எல்லோரும் ஒகேனக்கல் போய் வந்தோம். மீன் கடையில் ஓரகத்தி முள் எடுக்கத் தெரியாமல் மகளைவிட மோசமாகத் திண்டாடினாள். கொழுந்தனார்தான் எடுத்துக் கொடுத்தார்.

அவள் இறந்தது ஒரு ஆவணி மாதம். கடைவாய்ப் பல் வலி தாங்காமல் மாரண்டஹள்ளிக்குப் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் திரும்பினாள். தூறல் இருந்தது. பொழுது போய்விட்டிருந்தது. கூட்ரோட்டில் அப்போது விளக்கு கிடையாது. பஸ் நகர்ந்ததும் அதன் பின்பக்கமாக ரோட்டைக் கடந்திருக்கிறாள். எதிரே தக்காளி ஏற்றிக்கொண்டு வந்த வண்டிக்காரர், ஆள் நிற்பதே தெரியவில்லை என்று போலீசிடம் சொன்னார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அந்த இடம் அப்படித்தான் இருக்கும். டீக்கடை மூடிவிட்டால் கையை நீட்டினால் கை தெரியாது.

சத்தம் கேட்டு முதலில் ஓடியது நாங்கள்தான், குடிலுக்கு அவ்வளவு பக்கம். இவர் செல்போன் வெளிச்சத்தை அடித்தார். ரோடெல்லாம் தக்காளி. அவள் வாயில் டாக்டர் வைத்த பஞ்சு அப்படியே இருந்தது. நான் அதை எடுக்கப் போனேன். எடுக்காதே என்று இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஏன் தடுத்தார் என்று அவருக்கும் தெரியாது. எடுத்திருந்தால் என்ன, எடுக்காவிட்டால் என்ன.

மறுநாள் அடக்கம். குடில் நிறையச் செடி இருந்தது, ஒரு பூகூட இல்லை. கல்லறைத் திருநாளுக்காக இன்னும் விளக்குப் போட்டு மொட்டு வைக்க விடாமல் வளர்த்துக்கொண்டிருந்தோம். இடுப்புயரம் வளர்ந்த பச்சை, மொட்டுக்கூட இல்லை. பூ விவசாயம் செய்கிற வீட்டில் சவப்பெட்டி மேல் வைக்க மார்க்கெட்டிலிருந்து பூ வாங்கி வந்தோம். அடக்கம் முடிந்து வந்த அன்றைக்கும் டைமர் தன் வேலையைச் செய்து குடில் சிவப்பாக எரிந்தது. கொழுந்தனார் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று அவர் மகள் சொன்னாள்.

அதன் பிறகு கொழுந்தனாருக்கு ஒரே வேலைதான். கூட்ரோட்டுக்கு ஹைமாஸ் லைட் வேண்டும். உயரமான கம்பத்தின் உச்சியில் நாலா பக்கமும் பார்க்கிற எல்.இ.டி. விளக்கு, டவுனில் ரவுண்டானாவில் இருக்குமே, அதுதான். திங்கட்கிழமைதோறும் தர்மபுரிக்குப் போய்க் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் மனுவோடு நின்றார். ஒயரிங் வேலைக்குக் கூப்பிட்டவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு ஆளைப் பிடித்தார்கள். மனுவில் ஊரே கையெழுத்துப் போட்டது. அவருக்கு அடுத்த கையெழுத்து இவருடையது. அதற்குக் கீழே என்னுடையது. நாங்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டபோது எங்கள் மனதில் அவள் மட்டும்தான் இருந்தாள். பூ ஞாபகத்துக்கு வரவில்லை. வந்திருந்தாலும் போட்டிருப்போம்.

அடுத்த வருஷத்து மழையும் ஓய்கிற சமயத்தில் ஒரு நாள் கிரேன் வந்தது. குழி தோண்டினார்கள், கான்கிரீட் போட்டார்கள், கம்பம் எழுந்து நின்றது. எங்கள் குடிலுக்கும் கம்பத்துக்கும் நடுவில் ஒரு வேலியும் பஸ் நிற்கிற இடமும்தான். அப்போதுகூட நான் அண்ணாந்து பார்த்து, என்ன உயரம் என்றுதான் வியந்தேன். இவர் கம்பத்தை விட்டுவிட்டுக் குடிலைத் திரும்பிப் பார்த்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

விளக்கு எரிய வைத்த சாயங்காலம் ஊர் முழுக்கக் கூட்ரோட்டில் இருந்தது. சுவிட்சைப் போட முக்கியமானவர் ஒருவர் வந்திருந்தார். கொழுந்தனாரைத்தான் போடச் சொன்னார்கள், அவர் மாட்டேன் என்று கூட்டத்துக்குப் பின்னால் போய் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். விளக்கு முதலில் மினுக்கென்று யோசித்தது, பிறகு மொத்தமாக எரிந்தது. வெள்ளை வெளிச்சம். புளியமரத்தின் இலை இலையாகத் தெரிந்தது. பிள்ளைகள் கத்தினார்கள். இனிமேல் எட்டு மணி வரைக்கும் திறந்து வைக்கலாம் என்றார் டீக்கடைக்காரர். என் பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள், “ஒரு உசுரு போய்த்தான் வெளிச்சம் வரணும்னு இருக்குது பாருங்க” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் அழுதேன். சந்தோஷமாகவும் இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

கூட்டத்தில் இவரைக் காணோம். தேடிக்கொண்டு குடிலுக்கு வந்தேன். கிறிஸ்துமஸ் பூவுக்காக எங்கள் விளக்கை நிறுத்திச் சில நாள்தான் ஆகியிருந்தது. அந்த நேரத்துக்கு உள்ளே கும்மிருட்டாக இருக்க வேண்டும். ரோட்டுப் பக்கத்துப் பாத்திகளுக்கு நடுவில் இவர் நிற்பது வாசலிலிருந்தே தெரிந்தது.

“கைய நீட்டு” என்றார்.

நீட்டினேன்.

“ரேகை தெரியுதா?”

தெரிந்தது. என் உள்ளங்கை ரேகை, மோதிரத்தில் இருந்த சிலுவை, எல்லாம் தெரிந்தது. வெளியே பிள்ளைகள் இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த சில வாரங்கள் அவர் தினமும் ரோட்டுப் பக்கத்துச் செடிகளின் நுனியை விலக்கிப் பார்ப்பார். கிணற்றுப் பக்கத்துப் பாதி ஒழுங்காக மொட்டு வைத்தது. ரோட்டுப் பக்கத்துப் பாதி வளர்ந்துகொண்டே இருந்தது. தாங்குவதற்குக் கட்டிய வலையைத் தாண்டி, என் தோள் உயரத்துக்கு வந்தது. நுனியில் அகலமான இலைக்குப் பதில் புல் மாதிரி ஒல்லி ஒல்லியாக இலை விட்டது. சிலதில் மொட்டு மாதிரி ஒன்று வந்து, மிளகு அளவில் இறுகி அப்படியே நின்றுவிட்டது. விரலால் அழுத்தினால் உள்ளே ஒன்றும் இல்லை. கிறிஸ்துமஸ் வந்தது, போனது. பாதிக் குடில் பூவை வெட்டி அனுப்பினோம். மீதிப் பாதி பச்சையாக நின்றது, தை மாதத்தில் ஏதோ நாலு பூ கோணல்மாணலாக விரிந்தது. அதை யார் வாங்குவார்கள்?

தோட்டக்கலை ஆபீசர் ஒருவர் வந்து பார்த்தார். நல்ல மனிதர், இளவயது. குடிலுக்குள் நின்று கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, “நீங்க மணிக்கணக்கு பாத்துப் போடற வெளிச்சத்த, இது ராத்திரி முழுக்கப் போடுதுங்க. வெள்ளையா தெரிஞ்சாலும் அதுக்குள்ளயும் சிவப்பு இருக்குது. செடிக்கு அது போதும்” என்றார்.

“வேற வழி?” என்று இவர் கேட்டார்.

“கருப்பு ஷீட்ட இழுத்து மூடணும். சாயங்காலம் மூடி, காலையில தொறக்கணும். ஆனா நம்ம ஊர் வெக்கைக்கு உள்ள ஈரம் கட்டிக்கும்ங்க. நோய் வரும். பாத்துச் செய்யுங்க.”

அவர் சொன்னது ஒவ்வொன்றும் நடந்தது. முதலில் ரோட்டுப் பக்கத்தை மட்டும் மறைத்தோம். வெளிச்சம் மேலிருந்து வந்தது, பக்கத்தை மறைத்து என்ன பயன். பிறகு உள்ளே கம்பி கட்டி மேலேயும் கருப்பு ஷீட்டை விரித்தோம். தினமும் பொழுது சாயும்போது ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து இழுப்போம். விடிந்ததும் சுருட்டுவோம். ஒரு நாள்கூட இரண்டு பேரும் வெளியூர் போக முடியாது. நல்லம்பள்ளியில் என் தங்கை மகளுக்குச் சீர் வைத்தபோது நான் மட்டும் போய்ச் சாப்பிடாமல் திரும்பினேன். ஷீட்டுக்கு அடியில் காற்று அடைத்துப் புழுங்கியது. காலையில் சுருட்டும்போது தண்ணீர் சொட்டும். மொட்டு வந்தது, உண்மைதான். மொட்டோடு இலைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகக் கொப்புளம் வந்தது. ரோட்டுப் பக்கத்தில் தொடங்கி, நன்றாக இருந்த கிணற்றுப் பக்கத்துக்கும் பரவிவிட்டது. செடிகளைப் பிடுங்கிக் குவித்து எரித்தோம். பச்சைச் செடி லேசில் எரியாது. நாள் முழுக்கப் புகைந்தது.

விளக்கைப் பராமரிக்கிற ஆபீசுக்கு இவர் போய் வந்தார். அங்கே ஒருவர் பொறுமையாகக் கேட்டாராம். எங்கள் பக்கம் பார்க்கிற இரண்டு விளக்குகளுக்குத் தகடு அடித்து மறைக்கலாம், ஊரில் ஆட்சேபணை இல்லையென்றால் செய்துவிடலாம் என்றாராம். வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொன்னபோது இவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. பிறகு இரண்டு பேரும் வெளியே வந்து கம்பத்தைப் பார்த்தோம். எங்கள் பக்கம் பார்க்கிற அந்த இரண்டு விளக்குகளுக்கு நேர் கீழேதான் பஸ் நிற்கிற இடம்.

“ஊர்ல கேக்கறதுக்கு முந்தி அவன்கிட்ட கேக்கணும்” என்றார் இவர்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து இரண்டு பேரும் கொழுந்தனார் வீட்டுக்குப் போனோம். அவரே டீ போட்டுக் கொண்டுவந்தார். சர்க்கரை அதிகம், அவள் போடுகிற மாதிரி. இவர் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிக் கேட்டார், மழையைப் பற்றிப் பேசினார். பிள்ளை தரையில் புத்தகத்தைப் பரப்பிவைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். அம்மா போன பிறகு ரொம்ப நாள் பஸ் விட்டு இறங்கியதும் நான் போய்த்தான் அவளைக் கூட்டி வருவேன். கையை விடவே மாட்டாள்.

“பெரிம்மா, இப்பல்லாம் நீங்க வரவே வேணாம்” என்றாள் நிமிர்ந்து. “ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு நானே வூட்டுக்கு வந்துடறேன். பஸ்ஸ விட்டு எறங்கினா பகல் மாதிரி இருக்குது. பயமே இல்ல.”

“சரி சாமி, நல்லாப் படி” என்றார் இவர். டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்துகொண்டார். நானும் எழுந்தேன்.

கொழுந்தனார் வேலிப் படல் வரைக்கும் கூடவே வந்தார்.

“எதுக்கு வந்தீங்கன்னு தெரியும்ண்ணா.”

“சும்மாதான்டா வந்தோம்.”

“ரெண்டு லைட்ட மறைக்கணும்னு கேட்டீங்களாம். ஆபீஸ்ல இருந்து எனக்குப் போன் பண்ணாங்க.”

இவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குத்தான் தாங்கவில்லை.

“டைமர் மாட்டினது நீங்கதானே? ராத்திரி வெளிச்சம் பட்டா என்ன ஆகும்னு உங்களுக்கு முன்னமே தெரியாதா?” என்று கேட்டுவிட்டேன்.

“தெரியும் அண்ணி.” அவர் அழவில்லை, குரல்கூட மாறவில்லை. “கம்பம் எங்க நடலாம்னு எங்கிட்டதான் வந்து கேட்டாங்க. புளியமரத்துக்கு அந்தாண்ட நட்டிருந்தா உங்க பூவுக்குப் படாது. அப்பவே நெனச்சேன். ஆனா அவ கெடந்த எடம் இருட்டாவே இருக்கும். நான்தான் நின்னு கையக் காட்டினேன், இங்க நடுங்கன்னு.”

உள்ளே பிள்ளை சத்தமாகப் படிக்க ஆரம்பித்திருந்தாள்.

“நீங்க சொல்லுங்கண்ணா. நானே ஏறித் தகடு அடிக்கிறேன். ஆபீஸ்ல நானே பேசறேன்” என்றார்.

இவர் தம்பியின் முழங்கையைப் பிடித்தார். மாமனார் செத்தபோதுகூட இவர் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை.

“வேணாம்” என்றார். “வேணாம்டா. போ, புள்ளைக்குச் சோறு போடு.”

வருகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். யார்மேலாவது கோபப்பட முடிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மன்னிக்கலாம் என்றாலும் கொழுந்தனார் செய்ததில் மன்னிக்க ஒன்றும் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அங்கேதான் கையைக் காட்டியிருப்பேன். இது தெரிந்த பிறகும் வயிறு எரிவது நிற்கவில்லை. ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாமென்று போய், என்ன பாவம் என்று சொல்லத் தெரியாமல் எழுந்து வந்தேன்.

கிணற்றுப் பக்கத்துப் பாதியில் மட்டும் இன்னும் இரண்டு தடவை நட்டுப் பார்த்தோம். வண்டிக்காரர் பாதிப் பெட்டிக்காக இவ்வளவு தூரம் வர மாட்டேன் என்றார். வெள்ளரி போட்டோம், வேரில் முடிச்சு விழுந்து செடி மடங்கியது. வெளிச்சத்தைக் கண்டுகொள்ளாத பூவெல்லாம் இருக்கிறது, ஜெர்பரா இருக்கிறது. அதற்கு மண்ணை மாற்ற வேண்டும், பாத்தியை மாற்ற வேண்டும், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதைப் பற்றிப் பேசும்போதே இவர் பாதியில் நிறுத்திவிட்டு வேறு எங்கோ பார்ப்பார். அந்த வருஷம் ஆடிக் காற்றில் மேல் ஷீட்டு ஒரு மூலையில் கிழிந்தது. முன்பென்றால் காற்று அடிக்கிறபோதே ஏணியைச் சாத்தியிருப்பார். அன்று வீட்டு வாசலில் நின்றுகொண்டு அது அடித்துக்கொள்வதைப் பார்த்தார். நான் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தேன்.

“உடு” என்றார்.

மறுநாள் கிழிசல் பாதிக் கூரைக்கு வந்துவிட்டது.

ஒயரைக் கழற்றக் கொழுந்தனார் வந்தார். யாரும் கூப்பிடவில்லை, அவரே வந்தார். மாட்டியவர் என்பதால் எந்த முடிச்சு எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கமாகச் சுருட்டிக்கொண்டே வந்து நடுவில் சந்தித்தார்கள். ஒருவர் சுருளை மற்றவர் வாங்கிக் கட்டினார். நான் சாப்பிடக் கூப்பிட்டேன். சாப்பிட்டார்கள். ரசத்தைப் பற்றி ஏதோ சொன்னார்கள். சிவப்புப் பல்புகளைத் திருவிழாவுக்கு சீரியல் செட் போடுகிற ஒருவர் சாக்கில் போட்டுக் கொண்டுபோனார்.

இவர் திரும்பவும் ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டார். பழைய வேலைதான், விளக்குப் பிரிவு. அங்கேயே தங்கல், ஞாயிற்றுக்கிழமை வந்து போவார். இந்த வயதில் சின்னப் பையன்களோடு ஒரே ரூமில் படுத்துக்கொள்வதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்வதில்லை. கொழுந்தனாரும் அவரும் கோவிலில் பார்த்துக்கொள்வார்கள், ஒன்றாக நடந்து வருவார்கள். பேச்சு ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வருகிறது. சண்டை என்று ஒன்று இருந்தால் யாராவது வந்து சமாதானம் செய்து வைக்கலாம். இங்கே சண்டையே இல்லை.

நான் மாரண்டஹள்ளியில் தக்காளி மண்டிக்குத் தரம் பிரிக்கப் போகிறேன். பொழுது போன பிறகு கூட்ரோட்டில் இறங்குகிறேன். வெளிச்சத்தில் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துக் கடக்கிறேன். நல்ல வெளிச்சம். அதற்குப் பின்னால் எங்கள் குடிலின் கம்பிக்கூடு நிற்கிறது, உள்ளே பார்த்தீனியம் மண்டிக் கிடக்கிறது. இரும்பைக் கழற்ற ஆள் கேட்டிருக்கிறோம்.

வாரநாட்களில் சாயங்காலம் இவர் போன் செய்வார். என்ன குழம்பு, பிள்ளைக்குப் பரீட்சை எப்போது, இவ்வளவுதான் பேச்சு. போன வாரம் ஒரு நாள் வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் பேசினார். அவர்களுடைய குடில்கள் எல்லாம் மலைக்கு அடியில் உள்ளே தள்ளி இருக்கிறதாம், ரோடு ரொம்ப தூரமாம், பக்கத்தில் ஒரு வீடுகூட இல்லையாம்.

“இங்க இருட்டு நல்லாருக்குது” என்றார்.

சாப்பிட்டீங்களா என்று கேட்டேன்.